நாற்பத்து மூன்றாவது பயணி

பேருந்தில் நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட டிக்கெட் வாங்கவில்லை. கேட்க வேண்டிய கண்டக்டரும் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பார்? அவர் ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர். சீருடை அன்று காலையில்தான் வாடகைக்கு வந்திருந்தது. பயணிகள் அத்தனை பேரும் கட்சிக்காரர்கள்; போக்குவரத்து அமைச்சர் 'மக்களோடு மக்களாக'ப் பயணம் செய்யும் காட்சிக்கு மக்களாக வந்தவர்கள்.

ஏற்பாடு முழுக்க அமைச்சரின் உதவியாளருடையது. "யாரும் எழுந்து இடம் குடுத்துடாதீங்க. அவர் நிக்கணும், அதுதான் படம்" என்று ஒவ்வொருவர் காதிலும் ஓதியிருந்தார். அமைச்சரும் கம்பியைப் பிடித்தபடி, கேமராவைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திடீரென்று வண்டி நின்றது. பழுதான மேசை ஃபேன் ஒன்றைத் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் ஏறினார்.

உதவியாளர் டிரைவரிடம் பாய்ந்தார். "யார்யா நிறுத்தச் சொன்னது?"

"கையைக் காட்டினாங்க சார். இருபது வருஷப் பழக்கம், கால் தானா பிரேக்குக்குப் போயிடுது." அந்த வண்டியில் அசல் ஆள் அவர் ஒருவர்தான்.

உதவியாளர் அந்த அம்மாளிடம் குனிந்து, "நீங்க எந்த வட்டம்?" என்றார்.

"வட்டமோ சதுரமோ, மார்க்கெட் ஸ்டாப்புல இறங்கணும். டிக்கெட் குடுங்க."

வட்டச் செயலாளர் கிழிக்கத் தெரியாமல் நாலு டிக்கெட்டைச் சேர்த்துக் கிழித்து நீட்டினார். அதற்குள் அந்த அம்மாள் அமைச்சரைப் பார்த்துவிட்டார்.

"நீங்கதானே பஸ் மந்திரி? அரை மணிக்கு ஒரு வண்டின்னு போர்டு வச்சிருக்கீங்க. ஒன்றரை மணி நேரம் நின்னேன். அந்தப் போர்டைக் கழட்டிடுங்க. வெயிலுக்கு அதோட நிழலாவது விழும்னு பார்த்தா அதுவும் விழல!"

உதவியாளர் கேமராவுக்குக் குறுக்கே கையை நீட்டினார். அமைச்சரோ பழம் தின்று கொட்டை போட்டவர். முகம் மாறாமல் சிரித்தார்.

"இந்த வயசுல நீங்க ஏம்மா இதைத் தூக்கிட்டு அலையறீங்க? பிள்ளை என்ன பண்றாரு?"

"பேசறான்."

"பேசறாரா?"

"கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பேசுவான். வீட்டுக்கு வந்து பேசத்தான் நேரம் கிடையாது."

நாற்பத்திரண்டு பேரும், சொல்லிக்கொடுத்தபடி, ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அம்மாள் மார்க்கெட்டில் இறங்கிக்கொண்டார். "அந்தம்மா வர்ற இடத்தை அப்படியே வெட்டிடு" என்று கேமராக்காரரிடம் சொன்ன பிறகுதான் உதவியாளருக்கு மூச்சு வந்தது.

மதியம் படம் வெளியானது. மூன்று மணிக்கெல்லாம் எதிர்க்கட்சித் தலைவர் எல்லாச் சேனலிலும் கொதித்தார். "அது பஸ் இல்லை, நாடக மேடை! அதில் ஒரே ஒரு நிஜப் பயணி இருந்ததாக நிரூபித்தால் நான் அரசியலை விட்டே விலகுகிறேன்!"

அமைச்சர் உதவியாளரை அழைத்தார். "ஆறு மணிக்குள்ள ஒரு நிஜப் பயணியைக் கொண்டு வா. இல்லைன்னா நாளைலேர்ந்து நீ நிஜமாவே பஸ்ல போகலாம்."

வெட்டி எறிந்த அம்மாளைத் தேடி உதவியாளர் மார்க்கெட்டுக்கு ஓடினார். மூன்றாவது ரிப்பேர் கடையில் அந்த ஃபேனைப் பற்றிக் கேட்டதும், கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி முகவரி சொன்னார். "வாய் கொஞ்சம் நீளம் சார், பார்த்துப் போங்க."

மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. சின்ன வீடு. ஓடத் தொடங்கிய ஃபேனுக்கு எதிரே அந்த அம்மாள் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த டிக்கெட்டை வச்சிருக்கீங்களா?"

"நாலு இருக்கு. ஏன்?"

உதவியாளருக்கு அழுகையே வந்துவிட்டது. "வாசல்ல பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறேன். 'நான் நிஜமாவே அந்த பஸ்ல வந்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் வேலை தப்பிக்கும். அமைச்சரைத் திட்டினதையும் சேர்த்தே சொல்லுங்க, பரவாயில்லை!"

அம்மாள் யோசித்தார். "சொல்லலாம். நிஜம்தானே. ஆனா என் பிள்ளை மானம் போயிடுமேப்பா."

"நீங்க பஸ்ல வந்ததுக்கும் உங்க பிள்ளை மானத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அம்மாள் தொலைக்காட்சியைக் காட்டினார். எதிர்க்கட்சித் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், எல்லா மேடையிலும் அவரோடு தோன்றும் தாயார், வெள்ளைப் பட்டில் உட்கார்ந்திருந்தார். தலைவர் அந்தத் தாயின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்னைப் பெற்றவள் சாட்சியாகச் சொல்கிறேன், எனக்கு நடிக்கத் தெரியாது!"

உதவியாளர் திரையைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். அதே மூக்கு, அதே தாடை.

"அம்மா... இவரா உங்க பிள்ளை?"

"ஒரே பிள்ளை."

"அப்ப பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்க?"

அம்மாள் ஃபேனைக் கொஞ்சம் அவர் பக்கமாகத் திருப்பிவைத்தார்.

"கேமராவுக்கு என் முகத்துல அம்மா களை இல்லையாம்ப்பா!"