கிணற்றுக்கு வந்த கடல்

செம்பட்டிக்குத் தெற்கே மலைச்சாமியின் தோட்டத்துக் கிணற்றில், 1958ஆம் வருஷக் கோடையில், வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் கரித்தது. மீன் கவிச்சி அடித்தது. அலை ஏறி வடிவதுபோல நீர் மட்டம் காலையில் உயர்ந்து மாலையில் தாழ்ந்தது.

மலைச்சாமி வெயிலில் தாகம் தாங்காமல் அதில் ஒரு வாய் குடித்துவிட்டான். பிறகு வேறு தண்ணீர் அவனுக்கு இறங்கவில்லை. அவன் வியர்வை கொழகொழவென்று வழிந்து, பாயில் ஒட்டி நூலிழுத்தது. சோறு வைக்கும்போதெல்லாம் அவன் மனைவி ஜக்கம்மாள் குமட்டலை அடக்கிக்கொண்டாள்.

கடலையே பார்த்திராதவன் ஒருநாள் சொன்னான்: "அங்க கரையே இல்ல புள்ள. அம்புட்டும் தண்ணி. மேல மூணு நிலா."

"எங்கய்யா?"

"எனக்குத் தெரியல. உள்ள இருக்கறதுக்குத்தான் தெரியும்."

மறுநாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டுவண்டியைப் பூட்டிவிட்டு ஜக்கம்மாள் உள்ளே வந்தாள். மலைச்சாமி குடிதண்ணீர்ப் பானைமேல் குனிந்திருந்தான். அவன் வாயிலிருந்து கெட்டிக் கோழை அறுபடாமல் பானைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ, என்ன கருமம்யா இது!"

"ஒரே ஒடம்புல அதுகளுக்கு எடம் பத்தலையாம் புள்ள," என்றான் அவன் நிதானமாக. "தெனமும் கொஞ்சந்தான் விடுறேன்."

அன்று காலையிலும் ஜக்கம்மாள் அந்தப் பானையில்தான் மொண்டு குடித்திருந்தாள். வாசலுக்கு ஓடி, தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுத்தாள். மண்ணில் சிதறியது சற்று நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒன்றாகத் திரண்டு, அவள் பாதத்தை நோக்கி ஊர்ந்து வந்தது.