வலப்பக்கம் இழுக்கும் கார்

"வேகம் கூட்டுற டர்போ எஞ்சின் கார்தான். ஆனா நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும்," என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்னர். விற்கிறவர் வேறு எப்படிச் சொல்வார்?

சிக்ஸ்டன் காரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உத்தவல்லா ஊர் எல்லையைத் தாண்டியதும், ஈரச் சாலையில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கார் திடீரென்று பாய்ந்தது. ஸ்டியரிங் அவர் கையை மீறி வலப்பக்கம் திரும்பியது.

"கெட்டியா பிடிங்க! பிரேக்கைப் போடுங்க!"

சாலையோர மரங்களை ஒட்டி கார் நின்றது.

"பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க," என்றார் ராக்னர், மூச்சு வாங்க. "முன்சக்கரத்துக்கு இவ்வளவு சக்தி போறதால, இந்த மாதிரி கார் எல்லாமே இப்படித்தான் இழுக்கும். நல்லா ஓட்டுறவங்களே ஏமாந்துருவாங்க. விலையைக் குறைச்சுக்கிறேன்."

"நான் வாங்க வரல." சிக்ஸ்டனின் குரலில் கோபம்கூட இல்லை.

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"என் மனைவி யில்வாவும் இதே கார்தான் வச்சிருந்தா. போன மார்ச்ல என்னோட சண்டை போட்டுட்டுக் கிளம்பினவ, மரத்துல மோதி இறந்துட்டா. அவ வேணும்னேதான் காரைத் திருப்பினதா ஊரே சொல்லுது."

ராக்னர் திரும்பி ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"நானும் இவ்வளவு நாளா அப்படித்தான் நம்பிட்டிருந்தேன்," என்றார் சிக்ஸ்டன்.