உம்மா 23

எருக்கலம்பிட்டி பஸ் வெளிக்கிட இன்னும் பத்து நிமிசம் இருந்தது. றிம்ஷாவால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

மன்னார் பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் இருந்தாள், எழும்பினாள், தைத்து வாங்கிய சட்டை இருந்த பையைக் கை மாற்றினாள், திரும்பவும் இருந்தாள்.

நாளை மறுநாள் வெள்ளி, நிக்காஹ். முப்பத்தைந்து வயதில் வருகிற நிக்காஹ். இந்த வயதில் இவ்வளவு படபடப்பா என்று ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். பாயோடு கிடந்த உம்மாவைப் பதினொரு வருசம் இவள் தனியாகப் பார்த்தபோது அந்த ஊரில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள்?

மாப்பிள்ளை இன்பாஸ் சிலாவத்துறைக்காரன், மன்னாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். மற்ற மாப்பிள்ளைமார் பெண்ணுக்குச் சென்ட்டு, மணிக்கூடு என்று குடுப்பார்கள். இந்த மனிசன் அவளுடைய போனில் ஒரு குறிப்புச் செயலியைப் போட்டுக் குடுத்து, அதற்குள் பிளகின் என்று சின்னச் சின்னத் துணைக்கருவிகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகினான். நிக்காஹ்வுக்கு எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்ல ஒன்று. சாமான் பட்டியலில் வாங்கியதை வெட்ட ஒன்று. பேச்சை எழுத்தாக்க ஒன்று. அவள் எழுதுவதெல்லாம் அவன் கடைக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

எழுத்தாக்குகிற அந்தப் பிளகின்தான் அவளுக்குப் பிடித்தது. கடைசி வருசம் உம்மா போனில் பேசி வைத்த பழைய கதைகள் நாற்பத்தொன்று இருந்தன. அவ மவுத்தாகிப் போன பிறகு அதைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. போன கிழமை இன்பாஸ்தான் கடையில் இருந்தபடி அத்தனையையும் எழுத்தாக்கி, உம்மா 1, உம்மா 2 என்று இலக்கமிட்டு வைத்தான்.

போன வெள்ளியிலிருந்து இன்னொரு பிளகினுக்காக உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பெயருக்கு ஒரு பக்கம் இருந்தால், அந்தப் பெயர் வேறு எந்தக் குறிப்பில் வந்தாலும் தேடிப்பிடித்துக் காட்டுமாம். போட்டாச்சா, போட்டாச்சா என்று நாளுக்கு இரண்டு மெசேஜ். கல்யாண வேலைக்குள் யாருக்கு நேரம்? சரி, தொல்லை தீரட்டும் என்று இப்போது வாங்கில் இருந்தபடியே போட்டாள்.

'இன்பாஸ்' என்ற பக்கத்தைத் திறந்தாள். சேட்டு அளவு பதினாறு. தேத்தண்ணிக்குச் சீனி அரைக் கரண்டி. அவனுடைய உம்மா பெயர் நசீறா, மவுத்தாகி ஆறு வருசம்.

அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்திருந்தது. இந்தப் பெயர் இன்னோர் இடத்தில்: உம்மா 23.

உம்மாவுக்கு இன்பாஸை எப்படித் தெரியும்? அவ போய் எட்டு மாதம் கழித்துத்தானே சம்பந்தமே வந்தது.

தொட்டாள்.

"தொண்ணூறில இயக்கக்காரர் முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டுத் துரத்தி, கற்பிட்டியில கொட்டிலுக்குள்ள கிடக்கக்குள்ள எனக்குக் காய்ச்சல் வந்து பால் வத்திப் போச்சு. பக்கத்துக் கொட்டில் சிலாவத்துறை நசீறாதான் ஒரு மாசம் றிம்ஷாக்குப் பால் குடுத்தா. ஒரு பக்கம் அவட மகன் இன்பாஸ், மற்றப் பக்கம் என்ட மகள். அல்லாஹ் அவக்கு நல்ல கூலி குடுக்கணும். பிறகு அவங்க எங்க போனாங்களோ தெரியாது."

மூன்று தரம் வாசித்தாள். பிளகின் பிழையாக எழுதியிருக்கும் என்று குரலையும் போட்டுக் கேட்டாள். உம்மாவின் இருமல் முதற்கொண்டு எல்லாம் அப்படியே இருந்தது.

ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் மார்க்கத்தில் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் ஹறாம், கூடவே கூடாது. மதரசாவுக்குப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

முதலில் வந்தது ஆத்திரம்தான். துரத்தினவர்கள் மேல், காய்ச்சல் மேல், பால் குடுத்த அந்த நல்ல மனிசி மேல், இத்தனையையும் போனுக்குச் சொல்லிவிட்டுப் போன உம்மா மேல்.

"பிள்ளை, ஏறுறியளோ, இல்லையோ?" என்று பஸ் கண்டக்டர் கேட்டார்.

தலையை ஆட்டினாள். ஓம் என்றா இல்லையென்றா என்று அவளுக்கே விளங்கவில்லை. பஸ் போய்விட்டது. அது நின்ற நிழலில் ஒரு கழுதை வந்து நின்றது.

இனி யாருக்குத் தெரியும்? உம்மா இல்லை, வாப்பா இல்லை, நசீறா இல்லை. இந்தப் போன் ஒன்றுக்குத்தான் தெரியும். முப்பத்தைந்து வருசத்துக்கு முதல், பசிக்குக் குடித்த பால். அவளுக்கு இன்பாஸ் வேணும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், வேறு ஒன்றுமே வேண்டாம்.

வாங்கைச் சுற்றி நடந்தாள். நின்றாள். உம்மா 23ஐக் குரலோடு சேர்த்து அழித்தாள்.

அழித்த கையோடு அடுத்த பயம் வந்தது. இதில் அழித்தது எதுவும் அழியாது, ஒரு பிளகின் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கும், யார் எப்போது என்ன செய்தது என்றுகூடச் சொல்லும் என்று இன்பாஸ் ஒருநாள் பெருமையடித்திருந்தான். அங்கேயும் துடைத்துவிடலாம் என்றுதான் அதைத் திறந்தாள்.

உம்மா 23இன் பெயருக்குக் கீழே மூன்று வரிகள் இருந்தன.

போன வெள்ளி, பகல் 11.50. நீக்கியவர்: இன்பாஸ்.

போன வெள்ளி, பகல் 1.20. மீட்டவர்: இன்பாஸ்.

இன்று, பிற்பகல் 3.42. நீக்கியவர்: றிம்ஷா.

ஜும்ஆத் தொழுகைக்குப் போக முதல் அழித்திருக்கிறான். தொழுதுவிட்டு வந்து திரும்ப வைத்திருக்கிறான்.

போட்டாச்சா, போட்டாச்சா என்ற மெசேஜ் தொடங்கியதும் அன்றைக்குத்தான். பிறகு மீட்பை அழுத்தினாள். நாலாவது வரியாக அவளுடைய பெயர் வந்து இருந்தது.

அவனுக்கு அழைப்பு எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"பாத்திட்டீங்களா?" என்றான்.