ஒருநாள்கூட நிற்காத கார்

புதிய சைலென்சர் குழாய் பின் அச்சில் இடித்தது. மறுபடியும் கழற்றி, சூடாக்கி வளைத்தேன். காரின் அடியில் படிந்திருந்த பழைய புகைக்கரியின் நாற்றம் குமட்டியது.

"கூலி எவ்வளவு தம்பி?" என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் ஐயா. எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் கார் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

"வேணாங்க ஐயா. யாருக்காவது ஒரு அவசரம்னா கார் ஓடணும். அது போதும்."

"படிச்சும் பொழைக்கத் தெரியலியே" என்று சிரித்தார்.

காருக்கு அடியில் படுத்து நட்டுகளை முறுக்கினேன். குழாய் சரியாகப் பொருந்தியது. மேலே அவர் போனில் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை நுவரெலியாவுல நடக்கிற பழைய கார் ஊர்வலத்துக்குக் கட்டாயம் வரும். சைலென்சர் போன வாரந்தான் கல்லுல அடிச்சு ஒடஞ்சிச்சு. அதுக்கு முன்ன ஒருநாள்கூட இந்த மொரிஸ் மைனர் நின்னதில்ல."

என் கை நின்றது. வாயில் கரி கசந்தது.

போன ஆடியில், பிரசவ வலியில் துடித்த என் மனைவி ஜெயந்தினியை மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இந்தக் காரைத்தான் கேட்டேன். "சைலென்சர் ஒடஞ்சு கெடக்கு தம்பி" என்றார். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி வருவதற்குள் அவள் இறந்துவிட்டாள்.

"முடிஞ்சிருச்சா தம்பி?" குனிந்து கேட்டார்.

முறுக்கிய நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே சொன்னேன்: "சைலென்சர் ஒடஞ்சு கெடக்குங்க ஐயா."