கடைசி வீச்சும் ஐந்தாவது தோசையும்

ஐரோப்பிய மகளிர் ஹேண்ட்பால் இறுதியாட்டத்தில், ஹங்கேரி அணியின் கோல்கீப்பர் இல்திகோவின் கைகளை இயக்கும் ரசிகராகக் குலுக்கலில் என் பெயர் விழுந்தது. பாளையங்கோட்டையில் நான் கையை அசைத்தால் அங்கே அவள் கை அசையும்.

எங்களுக்கு ஒரே ஒரு கோல் முன்னிலை. கடைசி நொடியில் எதிரணிக்கு ஏழு மீட்டர் பெனால்டி வீச்சு. நாலு தோசை முடித்த தட்டின் முன் இரு கைகளையும் உயரத் தூக்கினேன்.

“இன்னும் ஒரு தோசை வச்சுக்கிடுங்க” என்றாள் என் மனைவி செண்பகவல்லி.

“ஏட்டி, கப்பு போயிரும்!”

“கப்பு சோறு போடுமாக்கும்?”

தோசை இறங்கியது. பதறிப்போய் இரு கைகளாலும் தட்டை மறைத்தேன். தரையோடு பாய்ந்த பந்து இல்திகோவின் புறங்கையில் மோதித் தெறித்தது. கப்பு எங்களுக்கு!

மறுநாளே ஹங்கேரி அணியிடமிருந்து பயிற்சியாளர் வேலைக்கு ஒப்பந்தம் வந்தது, செண்பகவல்லியின் பெயருக்கு. தோசைக்கல்லையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.