பழைய சைலன்சர்

"சைலன்சர மாத்திப்போட்டாய்!" என்று சாலிஹ் மூன்றாவது தடவையாகவும் கடை வாசலில் நின்று கத்தினார்.

செல்லத்தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருசமாக மோட்டார் சைக்கிள் திருத்தி நகமெல்லாம் கறுத்துப்போன மனிசன். கள்ளன் என்ற பேர் ஒன்றைத்தான் இதுவரை வாங்காமல் இருந்தான். அதையும் சாலிஹ் கல்முனை பசார் முழுக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்துவிட்டார். இரண்டு கிழமையாகக் கடைக்கு ஒரு சைக்கிள் வரவில்லை.

சந்தேகப்பட இடமும் இருந்தது. கடல் பொங்கி ஊருக்குள் வந்ததற்கு முதல்நாள் மோட்டார் சைக்கிளைச் சர்வீசுக்கு விட்டுவிட்டு, கொழும்பில் பிடவைத் துணி எடுக்க பஸ் ஏறியவர் சாலிஹ். நாற்பது நாள் கழித்துத்தான் வந்து எடுத்தார். விடும்போது சத்தம் நல்லம், எடுத்த பிறகு வேறு. இடையில் அது நின்றது செல்லத்தம்பியின் கடையில். அவன் சொல்வதை யார்தான் நம்புவார்கள்?

மறுபடியும் பார்த்தான். ஈரத்துணியால் சைலன்சர் வாயைப் பொத்திப் பார்த்தான். மூட்டில் எங்கேயும் புகை கசியவில்லை. கேஸ்கட் புதுசு. பிளக்கும் சுத்தம். ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் முந்தி எப்படியோ அப்படியே இருந்தது.

"இங்க நல்லாத்தான் கேக்கும். எங்கட ஒழுங்கைக்கு வா, உண்ட களவு அங்க தெரியும்."

செல்லத்தம்பி பின்னால் ஏறி உட்கார்ந்தான். இன்றைக்கே இந்தக் கதையை முடிக்க வேண்டும். பசாரில் நாலு பேருக்கு முன்னால் இந்த மனிசனின் வாயால் 'பிழை என்னிலதான்' என்று சொல்ல வைக்க வேண்டும்.

மெயின் றோட்டில் ஒரு குறையும் இல்லை. கல்முனைக்குடிக்குள் திரும்பி, கடற்கரைப் பக்கம் போகப் போக, சாலிஹ் சொன்னது போலவே சத்தம் மெலிந்து வெளிறிப்போனது. செல்லத்தம்பிக்கே திக்கென்றது.

பிறகுதான் தலையை நிமிர்த்தி இரு பக்கமும் பார்த்தான்.

முந்தி இந்த ஒழுங்கை நெடுக ஆளுயர மதில். சைக்கிள் சத்தம் மதிலில் மோதி இரட்டித்துத்தான் காதுக்கு வரும். இப்போது மதில் இல்லை, வீடு இல்லை. சத்தத்தைத் திருப்பி அனுப்ப அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. பேர் தப்பியது. சொல்ல வாயைத் திறந்தான்.

சாலிஹ் ஒரு வெறும் சீமெந்துத் தரைக்கு முன்னால் நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. அக்சிலேட்டரை முறுக்கினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் முறுக்கினார்.

"எண்ட புள்ள இந்தச் சத்தம் கேட்டாத்தான் ஓடி வந்து கேற்றத் திறப்பா. அவட மையத்துக் கிடைக்கல்ல தம்பி. எங்கயோ இரிக்கா. நீ சத்தத்த மாத்தினதாலதான் வாப்பா வந்திரிக்கன் எண்டு அவவுக்குத் தெரியல்ல."

அங்கே கேற்றும் இல்லை, அதைப் பூட்டியிருந்த தூணும் இல்லை.

செல்லத்தம்பி சொல்ல வந்ததை விழுங்கினான். கடையை நினைத்தான்.

"ஓம் சாலிஹ் நானா. நான்தான் மாத்தினன். ஆசைப்பட்டுட்டன்."

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். விழவில்லை. சாலிஹ் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கடல் வந்த நாளிலிருந்து சிரிக்காத மனிசன் சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப பழையதத் திருப்பிப் பூட்டித் தா தம்பி. நாளைக்கே வந்திருவா."