நீலம் பூத்த விரல்கள்

தன் கைகளைக் கட்டிப்போட்டு அதிகாரம் செய்யும்படி கணவன் ஐசக் கேட்டதற்கு, ரெஜினா மூன்று வாரம் யோசித்துத்தான் சம்மதித்தாள். வலித்தால் அவன் "புளி" என்று சொல்ல வேண்டும், அவள் உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்று பேச்சு.

ஞாயிறு மதியம் கட்டினாள். அவன் கண்மூடிச் சிரித்தபடி கிடந்தான். அவளோ அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்கள் நீலம் பூத்தன.

"வலிக்குதாங்க?"

அவன் இன்னும் அகலமாகச் சிரித்தான். தொட்டால் விரல் சில்லிட்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டிவிட்டாள்.

"நான்தான் புளின்னு சொல்லலையே!" என்று சீறினான்.

"சொல்லமாட்டீங்கன்னு இப்பதான் தெரிஞ்சுது."

நிறம் திரும்பும்வரை தேய்த்துவிட்டாள்.

"இன்னொரு தடவை" என்று கெஞ்சினான்.

"இன்னைக்குக் கிடையாது. இனிமே நான் கேட்டா வாயத் திறந்து பதில் சொல்லணும். சொல்லு, வலிக்குதா?"

அவன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றான்.